வயதான பெற்றோரின் மருத்துவக் காப்புறுதி: மாதக் கட்டணத்தை எங்கே குறைக்கலாம், எங்கே கை வைக்கக் கூடாது

அப்பா அம்மா தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டத்தில், நீங்கள் கொழும்பில் வேலை. அப்பாவுக்கு 66, அம்மாவுக்கு 61. இருவருக்கும் சேர்த்து எடுத்த மருத்துவக் காப்புறுதிக்கு மாதம் 14,500 ரூபா கட்டி வந்தீர்கள், இப்போது புதுப்பிக்கும் கடிதத்தில் 19,800 என்று போட்டு அனுப்பியிருக்கிறார்கள், இதை எப்படிக் குறைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் ஒரு வரியும் சேர்த்திருக்கிறீர்கள்: வேறு கம்பெனிக்கு மாறினால் குறையும், அம்மாவின் சீனி வருத்தத்தை படிவத்தில் எழுத வேண்டியதில்லை என்று ஒரு ஏஜென்ட் சொல்கிறார், செய்யலாமா என்று. பிரித்துப் பார்த்தால் இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எதை விட்டுக்கொடுத்தால் பெரிய ஆபத்தில்லாமல் கட்டணம் இறங்கும் என்பது ஒன்று. எதை விட்டுக்கொடுத்தால் அப்பாவோ அம்மாவோ வார்டில் படுத்திருக்கும் நாளில் நீங்கள் மாட்டிக்கொள்வீர்கள் என்பது மற்றது.

நான் கண்டியில் காப்புறுதித் துறையில், கிளைம் பிரிவில், அதாவது பணம் கேட்டு வரும் பில்களைப் பார்க்கும் பிரிவில், பல வருடம் வேலை பார்த்தவன். விற்பனைப் பக்கம் போனதில்லை. அதனால் பாலிசி விற்கும்போது என்ன சொல்வார்கள் என்பதைவிட, பில் மேசைக்கு வந்த பிறகு எந்த வாசகத்தைக் காட்டி வெட்டுவார்கள் என்பதுதான் எனக்கு நன்றாகத் தெரியும். நான் வைத்தியர் இல்லை, உங்கள் பாலிசியையும் பார்க்கவில்லை. ஆகவே எல்லாருக்கும் பொதுவாகப் பொருந்துவது எது, கம்பெனிக்குக் கம்பெனி மாறுவது எது என்று சொல்லிக்கொண்டே போகிறேன்.

முதலில் ஏஜென்ட் சொன்னதற்குப் பதில். செய்யாதீர்கள். இதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லை. காப்புறுதி ஒப்பந்தம் என்பதே இரு தரப்பும் தெரிந்ததை மறைக்காமல் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனையில் நிற்பது. தெரிந்த நோயை மறைத்து எடுத்த பாலிசியை, கிளைம் வரும்போது கம்பெனி நிராகரிக்கலாம், பாலிசியையே செல்லாது என்றும் சொல்லலாம். எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்று பலர் கேட்பார்கள். அம்மாவிடம் கிளினிக் கொப்பி இருக்கிறது அல்லவா, அதில் எந்தத் திகதியில் முதல் தடவை சீனி பார்த்தார்கள், எந்த மாத்திரை எழுதினார்கள் என்பதெல்லாம் இருக்கும். வைத்தியசாலையில் அனுமதித்த அன்றே டாக்டர் அம்மாவிடம் "எவ்வளவு காலமா சீனி இருக்கு?" என்று கேட்பார், அம்மா உள்ளதைச் சொல்வார், அது அப்படியே, வீட்டுக்கு விடும்போது நோய் விபரம் எழுதித் தரும் டயக்னோசிஸ் கார்டில் ஏறும், அந்தக் கார்டு இல்லாமல் கிளைம் போடவே முடியாது. மறைத்த விஷயம் உங்கள் கையாலேயே கம்பெனிக்குப் போய்ச் சேரும். ஏஜென்ட் சொன்னது எழுத்தில் இருக்காது, படிவத்தின் கீழே இருப்பது உங்கள் கையெழுத்து. கிளைம் நிராகரிக்கப்படும் நாளில் அவர் வேறு கம்பெனியில்கூட இருக்கலாம்.

இதோடு சேர்த்து இன்னொன்று. படிவத்தில் புகையிலைப் பழக்கம் பற்றிய கேள்வி இருந்தால், சுருட்டு, பீடி, சிகரெட்டை மட்டும் நினைத்துக்கொண்டு "இல்லை" என்று போடாதீர்கள். நம் ஆட்களில் வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் பெரியவர்களிடம், பெண்களிடமும்கூட, நிறையவே உண்டு. கேள்வி எப்படி இருக்கிறது என்று வாசித்துப் பார்த்து உள்ளதை எழுதுங்கள். வாய்ப் புற்றுநோய்க்கும் வெற்றிலை புகையிலைக்கும் உள்ள தொடர்பு நன்றாக நிறுவப்பட்ட ஒன்று, ஆகவே அப்படி ஒரு கிளைம் வந்தால் அந்தக் கேள்விக்கு என்ன எழுதினீர்கள் என்று கட்டாயம் புரட்டிப் பார்ப்பார்கள்.

சரி, கட்டணம் ஏன் ஏறியது? வயது ஒரு பிரிவிலிருந்து அடுத்த பிரிவுக்குத் தாண்டும்போது ஒரு ஏற்றம் வரும், பெரும்பாலான கம்பெனிகள் ஐந்தைந்து வருடமாகப் பிரித்து வைத்திருக்கும், அப்பாவுக்கு 66 ஆனது அதில் ஒரு காரணமாக இருக்கலாம். தனியார் வைத்தியசாலைக் கட்டணங்கள் 2022 நெருக்கடிக்குப் பிறகு ஏறியதும் காரணம், மருந்தும் உபகரணமும் பெரும்பாலும் இறக்குமதி, டொலர் ஏறியதும் எல்லாம் ஏறியது. முந்தின வருடம் நீங்கள் கிளைம் எடுத்திருந்தால் அதற்கும் சில கம்பெனிகள் கூட்டும். இந்த மூன்றில் எது எவ்வளவு என்று கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்கள். ஏஜென்டிடம் வாய்ப்பேச்சாகக் கேட்டால் "எல்லாருக்கும் கூடியிருக்கு" என்ற பதில்தான் கிடைக்கும். வயதுப் பிரிவால் ஏறியதை யாரும் குறைக்க முடியாது. மற்றவற்றில்தான் பேச இடம் இருக்கிறது.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். காப்புறுதியைக் குறைப்பது பற்றி இணையத்தில் நீங்கள் வாசிப்பதில் பெரும்பகுதி வெளிநாட்டுக்காரர்களுக்கு எழுதியது. அங்கே சில நாடுகளில் காப்புறுதி இல்லாவிட்டால் வைத்தியசாலைச் செலவைத் தாங்கவே முடியாத நிலை. இங்கே அப்படியில்லை. அரச வைத்தியசாலையில் வார்டும் சத்திரசிகிச்சையும் கிளினிக்கும் இலவசம். புற்றுநோய்க்கு மகரகமவிலும் கண்டியிலும், இருதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் கண்டி தேசிய வைத்தியசாலையிலும் சிகிச்சை இருக்கிறது. உங்கள் பெற்றோருக்கு இருக்கும் முதல் காப்புறுதி இதுதான், அதற்கு நீங்கள் மாதாமாதம் ஒன்றும் கட்டுவதில்லை. நீங்கள் பணம் கொடுத்து வாங்குவது அதற்கு மேலே உள்ள ஒரு பகுதியை மட்டும்: காத்திருக்காமல் செய்துகொள்வது, தனி அறை, டாக்டரைத் தேர்ந்தெடுப்பது. எதை வாங்குகிறோம் என்பது தெளிவானால் எதை வெட்டலாம் என்பதும் தெளிவாகிவிடும்.

ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். இரவு இரண்டு மணிக்கு அப்பாவுக்கு நெஞ்சு வலி வருகிறது. நீங்கள் கொழும்பில் இருக்கிறீர்கள். அம்மாவோ பக்கத்து லயத்து ஆட்களோ 1990க்கு அடிப்பார்கள், சுவசெரிய அம்புலன்ஸ் வரும், அதற்கும் கட்டணம் இல்லை, அது கொண்டுபோய்ச் சேர்ப்பது அரச வைத்தியசாலைக்குத்தான். லிந்துலைக்கோ நுவரெலியாவுக்கோ, அங்கிருந்து தேவைப்பட்டால் கண்டிக்கு. அந்த நேரத்தில் உங்கள் கையில் உள்ள பத்து லட்ச ரூபா பாலிசி, பெரிய தனியார் வைத்தியசாலை எதுவும் அருகில் இல்லாத ஊரில், அவசரத்துக்கு ஒன்றும் செய்யப் போவதில்லை. மலைநாட்டில் இருக்கும் பெற்றோருக்குக் கொழும்பு ஆளுக்கு விற்கும் அதே பாலிசியை விற்றுவிடுகிறார்கள், அது எனக்கு எப்போதும் வருத்தம் தந்த விஷயம். நம் ஆட்களுக்குப் பாலிசி பெரும்பாலும் உதவுவது திட்டமிட்டுச் செய்யும் சிகிச்சைகளுக்கு: மூட்டு மாற்று, கண்புரை, அஞ்சியோ (இருதய இரத்தக்குழாய்ப் படம்) எடுத்துவிட்டுச் செய்யும் இருதயச் சிகிச்சை, பித்தப்பை, கர்ப்பப்பை, புரோஸ்டேட். இவற்றில் நாள் குறித்துக் கண்டிக்கோ கொழும்புக்கோ போக முடியும்.

இதனால்தான் நாளொன்றுக்கு இவ்வளவு என்று தரும் படி, அதாவது வைத்தியசாலையில் தங்கும் நாட்களுக்குக் கொடுக்கும் பணம், உங்கள் பாலிசியில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள் என்கிறேன். இங்கே பல பாலிசிகளில் அரச வைத்தியசாலையில் தங்கினாலும் இந்தப் படி உண்டு. கட்டணத்தில் இதற்கான பங்கு சின்னது, ஆனால் தோட்டத்திலிருந்து ஒருவர் வார்டில் இருந்தால் உண்மையில் செலவாவது எது? பார்க்கப் போகிறவரின் பஸ் காசு, முச்சக்கரவண்டி, துணைக்கு நிற்கிறவரின் சாப்பாடு, அவருக்கு இழந்த நாட்சம்பளம், வெளியே எடுக்கச் சொல்லும் பரிசோதனை, ஸ்டோரில் இல்லாத மருந்து. இதற்கெல்லாம் கைகொடுப்பது இந்தப் படிதான். கட்டணத்தைக் குறைக்கும்போது பலர் முதலில் வெட்டுவது இதை, ஏனென்றால் தொகை சின்னதாகத் தெரியும். வெட்டாதீர்கள். எத்தனையாவது நாளிலிருந்து தருவார்கள், வருடத்துக்கு எத்தனை நாள் வரை என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் எதை வெட்டுவது? வெளிநோயாளர் செலவுக்கான பகுதி இருந்தால் அதில் தொடங்குங்கள். சேனல் பண்ணும் காசு (தனியாரில் டாக்டரைப் பார்க்கும் கட்டணம்), மாத மருந்து, இரத்தப் பரிசோதனை என்று வருடத்துக்கு ஒரு தொகை வரை திருப்பித் தருவதாகச் சொல்லும் பகுதி அது. கேட்க இனிப்பாக இருக்கும். ஆனால் சீனியும் பிரஷரும் உள்ள வயதானவருக்கு இந்தச் செலவு கட்டாயம் வரும் என்று கம்பெனிக்கும் தெரியும், ஆகவே தரப்போகும் தொகையை ஏறக்குறைய முழுதாகவே கட்டணத்தில் முன்கூட்டி வாங்கிவிடுவார்கள், மேலே நிர்வாகச் செலவும் சேரும். நிச்சயமாக வரும் செலவுக்குக் காப்புறுதி எடுப்பதில் இலாபம் இல்லை. அம்மாவின் மாத மருந்தை அரச கிளினிக்கில் எடுங்கள், அங்கே கிடைக்காததை அரச மருந்துக்கடையான ஒசுசலவில் பாருங்கள், காலையில் வரிசையில் நிற்பதுதான் கஷ்டம், அதை நான் லேசாகச் சொல்லவில்லை, மூட்டு வலியோடு நாலு மணிக்கு எழுந்து பஸ் ஏறும் தாய்மாரைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கஷ்டத்துக்கு ஒரு ஆட்டோ பிடித்துக் கொடுக்க ஆகும் காசு, வெளிநோயாளர் பகுதிக்குக் கட்டும் காசைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

அடுத்தது, பெரிய அளவில் கட்டணத்தை இறக்கக்கூடியது, ஒவ்வொரு பில்லிலும் முதல் இவ்வளவு ரூபாவை நானே போடுகிறேன், அதற்கு மேல் நீங்கள் கொடுங்கள் என்று ஒப்புக்கொள்வது. டிடக்டிபிள் என்பார்கள். எல்லாக் கம்பெனியிலும் இந்தத் தெரிவு இல்லை, ஆனால் கேட்டால்தான் பல இடங்களில் சொல்லவே சொல்வார்கள். கணக்கு இப்படிப் போகும். முதல் ஒரு லட்சம் உங்களுடையது என்று ஒப்புக்கொள்கிறீர்கள், அதனால் மாதம் 5,000 குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 60,000 மிச்சம். இரண்டு வருடம் யாரும் தனியார் வைத்தியசாலைக்குப் போகாவிட்டால் 1,20,000 உங்கள் கையில், உங்கள் பங்கைக் கட்டிய பிறகும் மிஞ்சும். பில் ஆறரை லட்சம் வந்தால் கம்பெனி ஐந்தரை லட்சம் கட்டும். ஆனால் குறைவது மாதம் 1,000 மட்டும் என்றால் ஒரு லட்சத்தைச் சேர்க்க எட்டு வருடத்துக்கு மேல் ஆகும், அது வேண்டாம். இந்த எண்களை நான் விளக்கத்துக்காகப் போட்டேன், உங்கள் கம்பெனி தரும் எண்ணை வைத்து இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். இரண்டு வருடத்துக்குள் உங்கள் பங்குத் தொகை சேர்ந்துவிடுமானால் நல்ல பேரம் என்பது என் கருத்து, அதற்கு மேலே போனால் யோசிக்க வேண்டும். அந்தப் பங்கு வருடத்துக்கு ஒரு தடவையா, ஒவ்வொரு அனுமதிக்குமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம். ஒவ்வொரு அனுமதிக்கும் என்றிருந்தால், ஒரு வருடத்தில் மூன்று தடவை அனுமதிக்கப்பட்டால் மூன்று லட்சம் உங்கள் தலையில் விழும்.

வெளிநாட்டுச் சிகிச்சைப் பகுதியையும் பாருங்கள். உலகம் முழுக்க, அல்லது இந்தியா உட்பட என்று போட்டிருந்தால் அதற்கும் கட்டணம் சேர்ந்திருக்கும். மதுரைக்கும் கோயம்புத்தூருக்கும் சென்னைக்கும் வைத்தியத்துக்குப் போகும் வழக்கம் நம்மிடம் இருப்பதால் இதைச் சொன்னதும் பலர் தலையாட்டி விடுவார்கள். நீங்கள் உண்மையில் கூட்டிப் போவீர்களா, கடவுச்சீட்டு இருக்கிறதா, துணைக்கு யார் போவது என்று யோசியுங்கள். பதில் "இல்லை" என்றால் எடுத்துவிடச் சொல்லுங்கள். அறை வாடகை உச்சவரம்பையும் ஒரு படி இறக்கலாம், தனி அறைக்குப் பதில் இருவர் இருக்கும் அறை. சிகிச்சை அதனால் குறையப் போவதில்லை.

இது ஆயுள் காப்புறுதியோடு ஒட்டிக்கொண்டு வந்த மருத்துவப் பகுதியா, மருத்துவத்துக்கு மட்டும் எடுத்த வருடாந்தப் பாலிசியா என்று நீங்கள் சொல்லவில்லை. இது முக்கியம். இங்கே ஆயுள் கம்பெனிகள் பெரும்பாலும் மருத்துவத்தை ஆயுள் பாலிசியில் ஒட்டித்தான் விற்கின்றன. நீங்கள் கட்டும் 14,500இல் ஒரு பங்கு ஆயுளுக்கும் சேமிப்புக்கும் போகலாம். அறுபதைத் தாண்டியவரின் ஆயுளுக்குக் காப்புறுதி விலை அதிகம், அவருடைய சம்பளத்தை நம்பி யாரும் இல்லை என்றால் அதற்குத் தேவையும் குறைவு. கட்டணத்தை ஒவ்வொரு பகுதிக்கும் எவ்வளவு என்று பிரித்துத் தரச் சொல்லி ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். ஆயுள் தொகையைக் குறைத்துவிட்டு மருத்துவத்தை வைத்துக்கொள்ள முடியுமா என்பது கம்பெனியைப் பொறுத்தது, சிலது விடும், சிலது ஒரு குறைந்தபட்ச ஆயுள் தொகை வேண்டும் என்று சொல்லும். பழைய பாலிசியை அவசரப்பட்டு முறித்து சரண்டர் பணம் வாங்காதீர்கள், ஆரம்ப வருடங்களில் முறித்தால் கட்டியதில் பெரும்பகுதி போய்விடும்.

இருவரையும் ஒரே பாலிசியில் போட்டு ஒரே தொகையைப் பகிர்ந்துகொள்ளும் மாதிரி இருந்தால், கட்டணம் பெரும்பாலும் மூத்தவரின் வயதை வைத்துத்தான் போடுவார்கள். அப்பா 66, அம்மா 61 என்றால் அம்மாவுக்கும் 66 வயதுக் கட்டணம் ஏறுகிற மாதிரி ஆகிவிடும். தனித்தனியாக விலை கேட்டுப் பாருங்கள். அம்மாவுக்குச் சீனி இருப்பதால் அவருக்கு மேலதிகக் கட்டணம் போடக்கூடும், ஆகவே தனித்தனி எப்போதும் மலிவு என்று நான் சொல்லமாட்டேன், இரண்டு விதத்திலும் எண்ணை வாங்கினால்தான் தெரியும். மாதாமாதம் கட்டுவதை வருடத்துக்கு ஒரு தடவை கட்டும் முறைக்கு மாற்றினாலும் மொத்தத்தில் கொஞ்சம் குறையும். கையில் பணம் சேர்ந்தால் செய்யுங்கள், கடன் வாங்கியோ நகை அடகு வைத்தோ செய்யாதீர்கள், வட்டி அந்தக் கழிவைத் தின்றுவிடும்.

இவ்வளவையும் செய்வதற்கு முன்னால் உங்கள் அலுவலகத்தில் கேட்டீர்களா? கொழும்பில் பல கம்பெனிகள் ஊழியருக்குக் குழுக் காப்புறுதி வைத்திருக்கின்றன. அதில் மனைவி பிள்ளைகளைச் சேர்ப்பது போல, மேலதிகமாக ஒரு தொகை பிடித்துக்கொண்டு பெற்றோரையும் சேர்க்க விடும் இடங்கள் உண்டு, திருமணமாகாதவருக்குப் பெற்றோரைத் தங்கியிருப்போராக ஏற்கும் இடங்களும் உண்டு. குழுக் காப்புறுதியில் தனித்தனியாக மருத்துவப் பரிசோதனை கேட்பது குறைவு, ஏற்கனவே உள்ள நோயையும் பல ஒப்பந்தங்களில் ஏற்றுக்கொள்வார்கள். வயதானவர்களுக்கு இதைவிட மலிவான வழி கிடைப்பது அரிது. மனிதவளப் பிரிவிடம் போய்ப் பெற்றோருக்கு இடம் உண்டா, எந்த வயது வரை, வேலையை விட்டால் என்னவாகும் என்று மூன்றையும் கேளுங்கள். கூடப் பிறந்தவர்கள் யாராவது ஆசிரியராகவோ வேறு அரச வேலையிலோ இருந்தால் அரச ஊழியருக்கான அக்ரஹார காப்புறுதியில் பெற்றோர் வருவார்களா என்று அவர்கள் தங்கள் அலுவலகத்தில் விசாரிக்கட்டும். நம் ஊர்களில் வீட்டுக்கு ஒரு ஆசிரியர் என்று சொல்லும் அளவுக்கு இருக்கிறார்கள், ஆனால் இதைக் கேட்டுப் பார்த்தவர்கள் குறைவு.

வேறு கம்பெனிக்கு மாறுவது பற்றி. விலை குறைவாகக் காட்டலாம், ஆனால் புதுப் பாலிசி என்றால் காத்திருப்புக் காலம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். முதல் சில வாரங்கள் விபத்தைத் தவிர வேறொன்றுக்கும் தரமாட்டார்கள், கண்புரை, மூட்டு, ஹேர்னியா போன்றவற்றுக்கு நீண்ட காத்திருப்பு, ஏற்கனவே இருந்த நோய்க்கு அதைவிட நீண்டது அல்லது முழு விலக்கு. இப்போதைய பாலிசியில் அம்மா சீனியோடு ஏற்கப்பட்டு, அந்தக் காலம் முடிந்திருந்தால் அதுவே பெரிய சொத்து, மாதம் இரண்டாயிரம் மிச்சத்துக்காக அதை இழக்காதீர்கள். அப்பாவின் வயதில் புதிதாகச் சேரவே விடாத கம்பெனிகளும் உண்டு, 60இலோ 65இலோ கதவைச் சாத்திவிடுவார்கள். மாறத்தான் வேண்டும் என்றால், புதுக் கம்பெனி எழுத்தில் ஏற்றுக்கொண்டு பாலிசி கைக்கு வரும்வரை பழையதை விடாதீர்கள். எந்த வயது வரை புதுப்பிப்பார்கள் என்பதையும் இரண்டிலும் ஒப்பிட்டுப் பாருங்கள். 70இல் நின்றுவிடும் பாலிசி அப்பாவுக்கு இன்னும் நாலு வருடம்தான்.

மலைநாட்டுக்காரர்கள் விசேஷமாகக் கவனிக்க வேண்டிய ஒன்று வயதும் பெயரும். நம் பெரியவர்களில் பலருக்குப் பிறப்புப் பத்திரம் இல்லை, இருந்தாலும் அதில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு எழுத்து, ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) அட்டையில் இன்னொரு எழுத்து, தோட்டப் பதிவேட்டில் தகப்பன் பெயர் முன்னால், கிளினிக் கொப்பியில் கூப்பிடும் பெயர். பிரஜாவுரிமை இல்லாமல் காலம் கடத்திவிட்டுப் பிந்தி அடையாள அட்டை எடுத்தவர்களுக்கு வயது ஒரு மதிப்பீடாகவே பதிவாகியிருக்கும். காப்புறுதியில் வயது தவறு என்றால் கட்டணமும் தவறு, கிளைம் நேரத்தில் பெயர் பொருந்தவில்லை என்றால் பணம் நிற்கும். கிளைம் பிரிவில் எங்கள் ஆட்களின் கோப்புகள் தாமதமானதற்கு நான் பார்த்த பெரிய காரணம் நோய் சம்பந்தப்பட்டதே இல்லை, இந்தப் பெயர்ப் பிரச்சினைதான். பிறப்புப் பத்திரம் இல்லாவிட்டால் உத்தேச வயதுச் சான்றிதழ் எடுக்கலாம், பெயர் வேறுபாட்டுக்குச் சத்தியக் கடதாசி முடித்து வைக்கலாம். எல்லாரும் சுகமாக இருக்கும்போதே செய்யுங்கள். அப்பாவின் உண்மையான வயது பாலிசியில் உள்ளதைவிடக் குறைவு என்று ஆவணத்தில் காட்ட முடிந்தால் கட்டணமே குறையவும் இடமுண்டு. உண்மையான வயது கூடுதலாக இருந்தாலும் சொல்லித் திருத்துவதுதான் நல்லது.

பாலிசியைச் சின்னதாக்கினால் பெரிய நோய் வந்தால் என்ன செய்வது என்று உங்களுக்குப் பயம் வரும், வரத்தான் வேண்டும். அதற்கு வேறு கைகளும் இருக்கின்றன. இருதயச் சத்திரசிகிச்சை, சிறுநீரகம், புற்றுநோய் போன்றவற்றுக்கு ஜனாதிபதி நிதியத்திலிருந்து உதவி கேட்கலாம். முன்பு கொழும்புக்கு அலைய வேண்டும், 2025 பெப்ரவரியிலிருந்து பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். குடும்ப வருமானத்தைப் பார்ப்பார்கள், வைத்தியரின் கடிதமும் செலவு மதிப்பீடும் வேண்டும், முடிந்தவரை சிகிச்சைக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். அப்பா ஓய்வு பெற்ற பிறகும் எங்காவது சம்பளத்துக்கு வேலை செய்து ஈ.டி.எஃப். (ஊழியர் நம்பிக்கை நிதியம்) போகிறது என்றால், சேவையில் இருக்கும் உறுப்பினருக்கு இருதயச் சத்திரசிகிச்சைக்கும் கண் வில்லைக்கும் உதவி தரும் ஏற்பாடு அந்தச் சபையில் உண்டு, கணக்கை மூடிப் பணத்தை எடுத்த பிறகு அது கிடைக்காது. கண்புரை இருக்கிறவர்கள் அந்தப் பணத்தை எடுக்கும் முன் இதை யோசிக்க வேண்டும். ஆனால் இவை எதுவும் முழுச் செலவையும் ஏற்காது, உடனேயும் வராது. ஆகவே பெரிய சத்திரசிகிச்சைக்கான மருத்துவமனைத் தொகையை, மற்ற எல்லாவற்றையும் குறைத்த பிறகும், குறைக்காமல் வையுங்கள் என்பதே என் நிலைப்பாடு. பாலிசியின் எடை அந்த ஒரு இடத்தில்தான் இருக்க வேண்டும்.

மிச்சமாகும் பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாதம் ஐயாயிரம் குறைந்தால் அது வீட்டுச் செலவில் கரைந்துவிடும், எல்லா வீட்டிலும் அப்படித்தான். அப்பா அல்லது அம்மா பெயரில் தனிச் சேமிப்புக் கணக்கு ஒன்றில், சம்பள நாளிலேயே தானாகப் போகும்படி வங்கியில் சொல்லிவிடுங்கள். நீங்கள் ஒப்புக்கொண்ட அந்த ஒரு லட்சப் பங்குக்கு அதுதான் பணம். அந்தக் கணக்கு இல்லாமல் டிடக்டிபிள் எடுப்பதை நான் ஆதரிக்க மாட்டேன், ஏனென்றால் வைத்தியசாலையில் முற்பணம் கேட்கும் நேரத்தில் ஓடிப்போய் வட்டிக்கு வாங்கியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

நிச்சயமில்லாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். நடைப்பயிற்சி அப், உடற்பரிசோதனைச் சலுகை என்று விளம்பரம் வருகிறது, வயதானவர்களின் கட்டணத்தில் அதனால் பெரிதாக ஏதும் இறங்கி நான் கண்டதில்லை. கிளைம் எடுக்காத வருடத்துக்குக் கழிவு என்பது சில பாலிசியில் உண்டு. இருந்தால் பத்துப் பன்னிரண்டாயிரம் ரூபா பில்லுக்கெல்லாம் கிளைம் போடும் முன் கழிவு எவ்வளவு போகும் என்று ஒப்பிட்டுப் பாருங்கள். ஏஜென்ட் தன் கமிஷனிலிருந்து விட்டுத் தருகிறேன் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள், அது முதல் வருடத்தோடு நின்றுவிடும், உங்களுக்கு வேண்டியது பத்து வருடம் தாங்கும் கட்டணம்.

கம்பெனி விளக்கம் தர மறுத்தால், அல்லது கிளைமில் அநியாயம் நடந்தால், முதலில் கம்பெனியின் முறைப்பாட்டுப் பிரிவுக்கு எழுத்தில் கொடுத்துப் பதிலை வாங்குங்கள், பிறகு முறைப்பாடுகளை விசாரிக்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடமோ, 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடமோ போகலாம். தமிழிலேயே எழுதுங்கள், தயங்க வேண்டாம். ஆனால் படிவத்தில் நோயை மறைத்திருந்தால் அங்கே போயும் உங்கள் பக்கம் பேச ஒன்றும் இருக்காது.

புதுப்பிக்கும் திகதி தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சலுகை நாட்கள் இருக்கும், ஆனால் அதையும் தாண்டிக் காலாவதியானால் இந்த வயதில் மறுபடி சேர்வது கஷ்டம். பேச்சுவார்த்தை முடியாவிட்டால் இந்த மாதம் கேட்ட தொகையைக் கட்டிவிட்டுப் பேச்சைத் தொடருங்கள். புதுப்பிக்கும் கடிதத்தோடு பயன்களின் அட்டவணை ஒன்று வந்திருக்கும், அதைப் படமெடுத்து, பெயர், பாலிசி இலக்கம், அடையாள அட்டை இலக்கம் எல்லாவற்றையும் மறைத்துவிட்டு இங்கே போடுங்கள். எந்த வரியை எடுக்கச் சொல்லலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.